கீத்தம் ஏரிக்கரையில் கரடிகள்

ஆக்ராவுக்கு வருகிறவர்கள் தாஜ்மகாலையும் கோட்டையையும் பார்த்து, இரண்டு டப்பா பேட்டா மிட்டாய் வாங்கிக்கொண்டு, டெல்லிக்கோ ஜெய்ப்பூருக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். டெல்லி செல்லும் நெடுஞ்சாலையில், அக்பரின் சமாதி இருக்கும் சிக்கந்தராவைத் தாண்டிச் சற்று தூரம் போனால் ருனக்தா என்ற சிற்றூர் வருகிறது. கண்பார்வையில்லாத பக்திக் கவிஞர் சூர்தாசர் வாழ்ந்த இடம் என்று அந்தப் பக்கத்து மக்கள் நம்புகிறார்கள். அருகிலுள்ள ஏரிக்கு அவர் பெயரால் சூர் சரோவர் என்று பெயர். ஊர்க்காரர்கள் வாயில் அது கீத்தம் ஏரி. 2020-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த பறவைகள் சரணாலயம் அது.

நான் போனது பிப்ரவரியில். சாலையின் இருபுறமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. ஆட்டோக்காரர், "பறவை பார்க்கவா?" என்று கேட்டார். கரடி பார்க்க என்றதும் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாலு கா ஆஸ்பத்திரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வண்டியை வளைத்தார். கரடி ஆஸ்பத்திரி. அவர் சொன்னது தவறில்லை.

அந்தச் சரணாலய எல்லைக்குள்ளேயே இருக்கிறது ஆக்ரா கரடி மீட்பு மையம். தெருவில் ஆட வைக்கப்பட்ட கரடிகளுக்கு அடைக்கலம் தருவதற்காக 1999-ல் உத்தரப் பிரதேச வனத்துறையுடன் சேர்ந்து வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்ற அமைப்பு இதை உருவாக்கியது. அந்த அமைப்பை 1995-ல் தொடங்கியவர்கள் கார்த்திக் சத்யநாராயணும் கீதா சேஷமணியும். அப்போது அவர்கள் எடுத்த கணக்குப்படி நாட்டில் சுமார் 1,200 கரடிகள் கயிற்றில் கட்டப்பட்டுத் தெருத்தெருவாக இழுத்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தன. இந்த மையத்துக்கு முதலில் வந்த கரடியின் பெயர் ராணி. 2002 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது.

இது மிருகக்காட்சிசாலை இல்லை என்பது வாசலிலேயே தெரிந்துவிடுகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும். வருகிறவர்களை உட்காரவைத்து முதலில் ஒரு படம் காட்டுகிறார்கள். தொடக்கூடாது, தீனி போடக்கூடாது, கத்தக்கூடாது என்கிறார்கள். என்னோடு ஐந்தாறு பேர் இருந்தார்கள். முன் வரிசையில் ஒரு தம்பதி, எட்டு வயது இருக்கும் ஒரு பையன். அந்தப் பெண் பையனிடம் "சத்தம் போடாதடா, கரடி பயந்துக்கும்" என்று சொன்னதைக் கேட்டு நான் திரும்பினேன். அவரும் திரும்பினார். "அக்கா, நீங்க தமிழா?" ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். தாஜ்மகால் பார்த்தாகிவிட்டது, மாலை ஜெய்ப்பூருக்குக் கிளம்ப வேண்டும், பையன் கரடி கரடி என்று அடம்பிடித்ததால் இங்கே வந்தோம் என்றார்.

அந்தப் படத்தில் காட்டியதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் இந்த இடம் எதற்காக இருக்கிறது என்று புரியாது.

கரடி பெரும்பாலும் குளிர்காலத்தில், குகையிலோ பாறை இடுக்கிலோ குட்டி போடுகிறது. வேட்டைக்காரர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காத்திருப்பார்கள். தாய்க்கரடி தன் குட்டியை விட்டுக்கொடுக்காது. அதனால் முதலில் தாயைத் தீர்த்துக்கட்டுவார்கள். கண் திறந்து சில வாரமே ஆன குட்டிகள் சாக்குப் பையில் போகும். வழியில் செத்தது போக மிஞ்சியது கைமாறும். சில மாதக் குட்டியாக இருக்கும்போதே, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் அதன் மூக்குத்தண்டைத் துளைப்பார்கள். மரத்துப்போக மருந்து எதுவும் கிடையாது. அந்த ஓட்டை வழியாகக் கயிறு கோர்ப்பார்கள். நம் ஊரில் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி போலத் தோன்றக்கூடும். ஆனால் கரடியின் உலகமே அதன் மூக்கில்தான் இருக்கிறது. கண் அவ்வளவாகத் தெரியாத விலங்கு அது. மண்ணுக்கு அடியில் இருக்கும் கறையானை மோப்பத்தால்தான் கண்டுபிடிக்கும். அதன் உடம்பிலேயே நுட்பமான இடத்தைத் தேடிப்பிடித்துத் துளைத்தார்கள். புண் ஆறவும் விடமாட்டார்கள். ஆறினால் கயிற்றுக்கு மரியாதை இருக்காது.

பிறகு கோரைப்பற்களைக் கட்டையால் தட்டி உடைப்பது. நகங்களை வெட்டுவது. ஆண் குட்டியானால் காயடிப்பது. பல்லும் நகமும் ரோமமும் தனியே விலைபோகும்.

இத்தனைக்கும் பிறகுதான் நடனம். உடுக்கையைத் தட்டிக்கொண்டே கயிற்றை மேலே இழுப்பார்கள். மூக்குப் புண்ணில் கயிறு அறுக்கும். வலி குறைய வேண்டுமானால் மூக்கைக் கயிற்றோடு சேர்த்து உயர்த்தவேண்டும்; மூக்கை உயர்த்த இரண்டு காலில் எழுந்து நிற்கவேண்டும். கயிறு இடமும் வலமும் போனால் கரடியும் இடமும் வலமும் போகும். கூட்டம் கைதட்டும். வலியிலிருந்து நழுவப் பார்க்கும் உடம்பின் துடிப்பைத்தான் இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடனம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்து வெளியே வந்தபோது யாரும் பேசவில்லை.

உள்ளே நடந்தால் வேலிக்கு அப்பால் புதர்க்காடு. விலாயதி கீகர் என்று அங்கே சொல்லும் நம் சீமைக்கருவேலம், நடுநடுவே வேம்பு, நாவல். நிழலில் கருப்பாக ஒரு குவியல் கிடந்தது. அது புரண்டு எழுந்தபோதுதான் கரடி என்று தெரிந்தது. நம் காட்டுக் கரடியை இவ்வளவு நிதானமாக நான் பார்த்ததில்லை. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருட்டும் நேரத்தில் ஓடிய ஒரு நிழல்தான் என் பழைய நினைவு. பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போது அதன் உடம்பு எவ்வளவு பொருத்தமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று வியப்பாக இருக்கிறது. பின்னங்கழுத்தில் பிடரி போலச் சடை. நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. முன்னங்கால்களில் நீண்டு வளைந்த நகங்கள், மண்வெட்டிக்குப் பதிலாக. மேல்வரிசையின் நடுவில் இரண்டு வெட்டுப்பற்கள் அதற்குப் பிறவியிலேயே கிடையாது. புற்றைத் தோண்டி, முதலில் மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். மண் ஏறாமல் மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். உறிஞ்சும் சத்தம் காட்டில் வெகுதூரம் கேட்கும்.

உலகத்தில் இந்தக் கரடி வேறெங்கும் இல்லை. இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் காடுகளில்தான் இருக்கிறது. குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும் பழக்கமும் கரடி இனங்களிலேயே இதற்குத்தான் உரியது. தாயின் முதுகுச் சடையை இறுகப் பற்றிக்கொண்டு குட்டிகள் மாதக்கணக்கில் சவாரி செய்யும். இரண்டு வயது தாண்டும்வரை தாயைப் பிரியாது. எந்தப் புற்றில் கறையான் உண்டு, கொன்றைப் பழம் எப்போது விழும், புலியின் வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த முதுகில் இருந்தபடி கற்றுக்கொள்ளும் பாடங்கள். மையத்தில் இருக்கும் கரடிகளுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. அதனால்தான் இவற்றைத் திரும்பக் காட்டில் விட முடியாது. பல்லும் இல்லை, நகமும் சரியாக இல்லை, பலவற்றுக்குக் கண்ணும் இல்லை. சாகும்வரை இங்கேதான்.

கூழ் நேரம் வந்தது. தானியத்தையும் பருப்பையும் குழைய வேகவைத்து, தேன் கலந்து, அகலப் பாத்திரங்களில் ஊற்றுகிறார்கள். பல் இல்லாத வாய்க்கு அதுதான் ஏற்றது. மாலையில் தர்ப்பூசணி, பப்பாளி, பேரீச்சை. மரக்கட்டையில் துளைபோட்டு உள்ளே தேனைத் தடவி வைக்கிறார்கள். அதை நோண்டி எடுப்பதில் ஒரு கரடிக்கு அரைநாள் போகிறது. மரத்தில் தூளி கட்டியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் கூண்டறைகளில் ஏர்கூலர் ஓடுமாம். ஆக்ராவின் மே மாதத்தை அறிந்தவர்கள் அதை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போகையில், வேலியோரம் ஒரு கரடி நின்றிருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் ஊன்றியபடி தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. நின்றது, மறுபடி ஆட்டியது. தாளம் தப்பாமல். ராஜபாளையத்துப் பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அம்மா, இப்பதான் கயிறு இல்லையே? அப்புறம் ஏன் ஆடுது?"

எங்களோடு வந்த இளம் கால்நடை மருத்துவருக்கு அவன் கேள்வியை இந்தியில் சொன்னேன். அவர் குனிந்து அவன் உயரத்துக்கு வந்து பதில் சொன்னார். அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. வருடக்கணக்கில் நாலடிக் கயிற்றில் கட்டிப்போட்ட விலங்குக்கு நடக்க முடியாது, தோண்ட முடியாது, ஓட முடியாது. செய்வதற்கு எதுவும் இல்லாத உடம்பு தன்னையே ஆட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. கயிறு போன பிறகும் அந்த ஆட்டம் போவதில்லை. சில கரடிகளுக்குச் சில மாதங்களில் குறைகிறது, சிலவற்றுக்குக் கடைசிவரை இருக்கிறது. கட்டையில் தேன் தடவுவதும், தோண்ட மண் குவிப்பதும், தூளி கட்டுவதும் இந்த ஆட்டத்தை மறக்கடிக்கத்தான்.

பையனின் அப்பா அதுவரை பேசாமல் வந்துகொண்டிருந்தவர், மெதுவாகச் சொன்னார்: "நம்ம கோயில் யானையும் இப்படித்தானேங்க ஆடும்?"

ஆமாம், அதேதான். மண்டபத் தூணில் சங்கிலியால் கட்டப்பட்டு, சிமெண்ட் தரையில் நின்றபடி தும்பிக்கையையும் தலையையும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் யானையை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். "யானை எப்படி ஆடுது பாரு" என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறோம். மேளத்துக்கு ஆடுகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. மேளம் நின்ற பிறகும், நடை சாத்திய பிறகும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. காட்டு யானை இப்படி ஆடுவதில்லை. ஒரு நாளில் பெரும்பகுதியை நடந்தும் மேய்ந்தும் கழிக்கும் விலங்கை நான்கு தூணுக்கு நடுவில் நிறுத்தினால் வேறென்ன செய்யும்? நாம் பக்தியோடும் பிரியத்தோடும்தான் பார்க்கிறோம். பிரியத்தோடு பார்த்தும் அதன் துன்பம் நம் கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

நான் சிறு வயதில் இருந்தபோது எங்கள் ஊருக்கும் கரடிக்காரர் வருவார். பேதி, சீர் தட்டியது, இரவில் வீறிட்டு அழுவது என்று எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் தெருவுக்கு இழுத்து வந்து கரடி முதுகில் ஏற்றி இறக்குவார்கள். கரடி முடி ஒன்றைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். பயம் போகும் என்று நம்பிக்கை. முடி பிடுங்கும்போது கரடி உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். நாலணா, எட்டணா கைமாறும். கொடுத்த தாய்மாரில் ஒருவருக்குக்கூட அந்தக் கரடியின் மேல் பகை கிடையாது. சோறு வைப்பார்கள், தண்ணீர் வைப்பார்கள், ஆஞ்சநேயருக்குத் துணை நின்ற ஜாம்பவான் என்று கும்பிடவும் செய்வார்கள். ஆனால் எந்தக் கயிறு அதை நிறுத்தியிருந்தது, அது எங்கே கட்டப்பட்டிருந்தது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை.

கயிற்றின் இன்னொரு முனையில் இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் இந்தத் தொழிலைச் செய்தவர்கள் கலந்தர் என்னும் இஸ்லாமியச் சமூகத்தினர். முகலாயர் அரண்மனைகளில் விலங்கு வித்தை காட்டிய மரபு தங்களுடையது என்பார்கள். அரண்மனை போய்ச் சந்தையும் நெடுஞ்சாலையும் மேடையாயின. நிலம் கிடையாது, படிப்பு கிடையாது, ஊரில் மதிப்பும் கிடையாது. குடும்பமே அந்த ஒரு கரடியை நம்பி இருந்தது.

1972-ன் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் கரடியைப் பிடிப்பதைக் குற்றமாக்கியது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் நடத்துகிறவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2000-ல் கேரள உயர் நீதிமன்றமும் 2001-ல் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்றன. இவ்வளவும் இருந்தும் நெடுஞ்சாலையில் கரடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஏனென்றால் ஒரு கரடியைப் பறிமுதல் செய்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு எந்த வனச்சரக அலுவலகத்திலும் பதில் இல்லை. கரடியைப் பறிகொடுத்தவர் கடன் வாங்கி அடுத்த குட்டியை வாங்குவார். அதற்காகக் காட்டில் இன்னொரு தாய் சாகும்.

அந்தச் சுழலை அறுத்த விதம்தான் இந்த மையத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரடியை ஒப்படைத்த கலந்தர், இனி எந்த விலங்கையும் வைத்துப் பிழைக்கமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. பதிலுக்கு வேறு தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கிடைத்தன. ஆட்டோ, பெட்டிக்கடை, வெல்டிங், பெண்களுக்குத் தையலும் பூத்தையலும் என்று ஆளுக்குத் தகுந்தபடி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். பலர் அந்தச் சமூகத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளைகள். இப்படி 600-க்கும் மேற்பட்ட கரடிகள் வந்து சேர்ந்தன. ஆக்ரா தவிர பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னேர்கட்டாவிலும், போபாலிலும், மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் மையங்கள் அமைந்தன. 2009 டிசம்பரில் பன்னேர்கட்டாவில் ராஜு என்ற கரடியின் மூக்குக் கயிறு அறுக்கப்பட்டது. இந்தியத் தெருக்களில் ஆடிய கடைசிக் கரடி என்று அதைச் சொல்கிறார்கள்.

மனிதரைக் கைவிட்டுவிட்டு விலங்கைக் காப்பாற்ற முடியாது. விலங்குநலம் பேசுகிறவர்களில் சிலர் இதை மறந்துவிட்டுப் பாகனையும் வித்தைக்காரரையும் மட்டுமே அரக்கராகச் சித்திரிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

கூழ் பாத்திரம் தூக்கிவந்த பணியாளர்களில் ஒருவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று மருத்துவர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். பேச வருவாரா என்று கேட்டபோது, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சிறு வயதில் தாத்தாவோடும் அப்பாவோடும் கரடி பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். "தீதி, ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி அதற்குத்தான். அப்படித்தான் எங்கள் வீட்டில்" என்றார். கொஞ்ச நேரம் வேலிக்கு அப்பால் பார்த்தார். "மூக்குக் குத்துகிற அன்று அப்பா சாப்பிடமாட்டார். ஆனால் குத்துவார்." அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தன் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள் என்று பேச்சை மாற்றினார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

மையத்தில் ரங்கீலா என்ற கரடியைப் பற்றியும் கேட்டேன். நேபாளத்தில் கடைசியாக அறியப்பட்ட ஆட்டக் கரடிகள் ரங்கீலாவும் ஸ்ரீதேவியும். 2017 டிசம்பரில் மீட்கப்பட்டன. காத்மாண்டு பக்கத்து மிருகக்காட்சிசாலையில் வைத்திருந்தபோது ஸ்ரீதேவி இறந்துவிட்டது. தனித்துப்போன ரங்கீலா, பல கடிதங்களும் அனுமதிகளும் கடந்து 2018 ஜூலையில் எல்லை தாண்டி ஆக்ரா வந்து சேர்ந்தது. மீட்பு என்ற சொல் ஒரு நாளில் முடிகிற காரியம்போல் ஒலிக்கிறது. கயிற்றை அறுக்கச் சில நிமிடங்கள் போதும். அதற்குப் பிறகு இருபது வருடம் கூழ் காய்ச்சவேண்டும், மனிதரிடமிருந்து தொற்றிய காசநோய்க்கு மருந்து கொடுக்கவேண்டும், பழுத்த பல்வேரைப் பிடுங்கவேண்டும், கண்புரை பார்க்கவேண்டும்.

தெருவில் கரடி ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் பார்க்கும் ஆசை நிற்கவில்லை. அது கைபேசிக்குள் போய்விட்டது.

தென்கிழக்கு ஆசியாவின் மெதுதேவாங்கு ஒன்று கிச்சுகிச்சு மூட்டப்பட்டு இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருக்கும் காணொளியை நீங்களும் பார்த்திருக்கலாம். லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்து மனம் இளகியிருக்கிறார்கள். அந்த விலங்கின் முழங்கைப் பக்கத்தில் நஞ்சு சுரக்கும் சுரப்பி இருக்கிறது. ஆபத்து நெருங்கினால் அந்த நஞ்சை எட்டி நக்கிப் பல்லில் ஏற்றிக்கொள்வதற்காகத்தான் அது கையைத் தூக்குகிறது. கிச்சுகிச்சு அதற்கு இன்பமில்லை, பீதி. அந்தப் பல்லையும் விற்பதற்கு முன் நகவெட்டியால் நறுக்கிவிடுகிறார்கள். ஆடும் கரடியைப் பார்த்த அதே கண்கள்தான் இதையும் பார்க்கின்றன. வலியும் அச்சமும் நம் எதிரே நின்று கையை உயர்த்துகின்றன. நாம் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இது தூரத்துக் கதை அல்ல. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கும் பெட்டிகளில் கிப்பன் குரங்குக் குட்டிகளும், மலைப்பாம்புகளும், ஆமைகளும், மார்மொசெட் குரங்குகளும் சுங்கத் துறையினரிடம் திரும்பத் திரும்பப் பிடிபட்டு வருகின்றன. துணிகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் டப்பாவில், காலுறைக்குள் சுருட்டி வைக்கப்பட்டு வருகின்றன. பலவும் இறந்தே வந்து சேர்கின்றன. கிப்பன் குட்டி எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உயர்ந்த மரக்கிளைகளில் தாயின் வயிற்றைக் கட்டிப்பிடித்துத் தொங்கும் குட்டி அது. தாயைச் சுட்டு வீழ்த்தினால்தான் கைக்கு வரும். கரடிக் குகையில் நடந்ததுதான் அங்கே மரத்தின்மேல் நடக்கிறது. வாங்குகிறவர் வரவேற்பறையில் அதற்கு டயப்பர் கட்டி, வாழைப்பழம் ஊட்டி, காணொளி எடுத்துப் போடுகிறார். செல்லமாகத்தான் வளர்க்கிறேன் என்கிறார்.

2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களையும் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் பதிவு செய்த கூண்டும் கூண்டுதானே. காட்டுயிரைக் காசுக்கு வாங்கி வீட்டில் வளர்ப்பதை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்றே நான் கருதுகிறேன். எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் சரி.

திரும்பி வரும் வழியில் அந்தப் பெண் என்னோடு சேர்ந்து நடந்தார். தயங்கியபடி கேட்டார். "அக்கா, ஜெய்ப்பூர்ல கோட்டைக்கு யானைமேல ஏறிப் போறது டூர் பேக்கேஜுலயே இருக்கு. போகலாமா, வேண்டாமா?"

முந்தின நாள் நான் மதுரா செல்லும் வழியில் சுர்முரா என்ற கிராமத்தில், இதே அமைப்பின் யானைப் பராமரிப்பு மையத்துக்குப் போயிருந்தேன். யானைகளுக்கென்றே 2018-ல் மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். அங்கே இருப்பவை கல்யாண ஊர்வலத்திலும் சர்க்கஸிலும் நெடுஞ்சாலைப் பிச்சையிலும் தேய்ந்துபோன யானைகள். ஒரு கிழப் பிடியானைக்குக் காலில் சீழ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதம் முழுவதும் வெடிப்பு. வருடக்கணக்கில் தாரிலும் கல் தரையிலும் நடந்த கால் அது. வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்து நிற்கப் பழக்கி, புண்ணைக் கழுவி, மருந்து பூசினார்கள். அங்குசம் குத்திய தழும்புகள் காதோரம் வரிசையாக இருந்தன. அந்தப் பெண்ணிடம் நான் இதைத்தான் சொன்னேன். ஆமேர் கோட்டையின் கல்பாதையில் ஏறும் யானைகளை 2018-ல் விலங்குநல வாரியத்தின் சார்பில் சோதித்தபோது சிலவற்றுக்குக் காசநோய்க்கான அறிகுறியும், பலவற்றுக்குப் பார்வைக் கோளாறும் கால் நோயும் இருந்ததையும் சொன்னேன். கோட்டைக்கு ஜீப் போகிறது, நடந்தும் கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்றேன். சொல்லிவிட்டுப் பையனைப் பார்த்தேன். யானை ஏறும் ஆசையில் இருப்பானே என்று.

"அதுவும் ஆடுமா?" என்று கேட்டான்.

"கட்டிப்போட்டிருக்கிறபோது ஆடும்" என்றேன்.

அவன் அப்பா வாசலில் நின்று முகவருக்குப் போன் போட்டார். யானைச் சவாரி வேண்டாம் என்றார். எதிர்முனையில் ஏதோ வாதாடினார்கள். பணம் திரும்ப வராது என்று சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லைங்க. பணம் கேக்கல. வேண்டாம்னு எழுதிக்கோங்க. யாராச்சும் ஏன்னு கேட்டா, கரடி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார். பிறகு அந்த மையத்தின் தொலைபேசி எண்ணைப் பலகையிலிருந்து தன் கைபேசியில் பதிந்துகொண்டு, ஒரு கரடிக்கு மாதம் கூழுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க மறுபடி அலுவலகத்துக்குள் போனார்.